பொன்னையா அன்று மாட்டிய முனை

மருந்து டாங்கியின் குழாய் நுனியில் மாட்ட இரண்டு பித்தளை முனைகள் உண்டு. பெரிய ஓட்டை உள்ளதில் மருந்து துளித்துளியாக அடித்த இடத்திலேயே விழும். சின்ன ஓட்டை உள்ளதில் பனிபோலப் பரவும். ஒரு டாங்கி வெகுதூரம் வரும். ஆனால் காற்றடித்தால் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. இலங்கையில் நமுனுகுல மலைச் சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் களைமருந்து அடித்தவர்களில் பொன்னையா மட்டும் பெரிய ஓட்டையை விட்டதில்லை.

"மாமா, அந்த ஓட்டையில ஆனை போகும். தண்ணிக்கு ஓடைக்கு எறங்கி எறங்கி முழங்கால்தான் தேயும்," என்பான் கூட மருந்தடிக்கும் வீரய்யா.

"தேயட்டும்டா. கீழ லயத்து வீடுகள்ல கீரை போட்டிருக்காங்க. என் முழங்கால யாரும் ஆஞ்சு திங்கப் போறதில்ல."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவர் மகள் ஜெயலெட்சுமி பிரசவத்தில் இறந்தாள். குழந்தை பிழைத்தது. வீட்டுச் செவலைப் பசுவின் பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள் பொன்னையாவின் மனைவி இராக்கம்மா.

ஒருநாள் இராக்கம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். பசு காலையிலிருந்து பட்டினி. சீக்கிரம் முடித்துப் புல்லறுக்கப் போகவேண்டும் என்று பொன்னையா சின்ன ஓட்டை முனையை மாட்டினார்.

"மாமாவுக்கு இன்னிக்குத்தான் புத்தி வந்திருக்கு," என்று வீரய்யா சிரித்தான்.

பாதியில் காற்று ஓடைப் பக்கமாகத் திரும்பியது. அவர் பிடரியில் அது குளிர்ந்தது. இன்னும் ஆறே நிரைதானே என்று அடித்து முடித்தார்.

வழக்கமாக அறுக்கும் ஓடையின் கீழ்க்கரையில் புல் பச்சையாகவே நின்றது. ஒரு பிடியை முகர்ந்து பார்த்தார். புல் வாசம்தான். அறுத்துக் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டார். பசு ஆவலாகத் தின்றது.

மாலையில் கறப்பதற்கு அது எழுந்திருக்கவில்லை. விடிந்தபோது விறைத்துக் கிடந்தது.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்குங்க. நேத்து நான் எந்திரிச்சுக் கொட்டாயக் கூட்டியிருந்தா கண்ணுல பட்டிருக்கும்," என்றாள் இராக்கம்மா.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தார்.

"இருக்கும்," என்றார்.

குழந்தை கஞ்சித் தண்ணீரில் பத்தொன்பது நாள் இருந்தது. தாய்க்குப் பக்கத்திலேயே அதற்கும் குழி வெட்டினார்.

அதன்பின் அந்தச் சின்ன ஓட்டை முனையை அவர் தொடவில்லை. இராக்கம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் விடியலில் எழுந்து, மாடில்லாத கொட்டாயை மூலைமுடுக்கு விடாமல் கூட்டினாள். பொன்னையா வாசலில் நின்று பார்ப்பார். விளக்குமாற்றுச் சத்தம் நிற்கும்வரை நிற்பார். பிறகு அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு நடப்பார்.