ஆனி முடியாத மாந்தோப்பு

என் மாமனார் நசீருதீன் சாமல்பட்டிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர். பத்தொன்பது வருஷமாக ஒரே தோப்புதான், மாதம்மாள் தோப்பு. எழுதிய காகிதம் எதுவும் கிடையாது. மார்கழியில் பூவைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். ஆனி கடைசி நாள் வரை காய் இவருடையது. மறுநாள் மரத்தில் எது தொங்கினாலும் மாதம்மாளுடையது. மூக்கண்டப்பள்ளியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதித்தால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். மாமாவின் கறாருக்கு முன்னால் எங்கள் செக்யூரிட்டி தங்கமான மனுஷன்.

இந்த முறை கார்த்திகை தாண்டியும் மழை விடவில்லை. மார்கழி வந்தது, குளிர் வரவில்லை. முன்பக்க மரங்கள் பூத்தன. பின்பக்க மரங்களோ பூ வைக்க வேண்டிய நேரத்தில் தளிர் விட்டு நின்றன. "மீதியும் பூத்துரும்" என்று மாமா வழக்கம்போலவே பேசி முடித்துவிட்டார். பூத்தது, மாசியில். எங்கள் நோன்பும் பின்பக்கப் பூவும் ஒன்றாக வந்தன.

பூ பிந்தினால் காயும் பிந்தும் என்பது அவருக்குத் தெரியாதா? "இருபது நாள் சேர்த்துக் கேளுங்க மாமா" என்றேன். "பேசுனது பேசுனதுதான் மாப்ளே" என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனி கடைசி நாள் எனக்கு வார லீவு. சாமான் கட்ட உதவிக்குப் போனேன். முன்பக்கம் பறித்து முடிந்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கிளிமூக்குக் காய்கள், எல்லாம் பருத்திருந்தும் முற்றாதவை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மாமா துரட்டிகளைக் கட்டிவிட்டு, ஒரு காயைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் என் எரிச்சல் போய்விட்டது, பாவமாக இருந்தது.

மாதம்மாள் வந்தார்.

"என்னா பாய், எங்க கெளம்பிட்ட?"

"ஆனி இன்னியோட முடிஞ்சிருச்சுக்கா. இனிமே உங்க காய்."

"இந்தப் பச்சக் காய வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? பூவுல இருந்து பாத்தவன் பாதியில வுட்டுட்டுப் போவியா?"

"வாக்குன்னு ஒண்ணு இருக்குதில்லக்கா."

மாதம்மாள் மூட்டைகளைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நிதானமாகக் கேட்டார்.

"உங்க நோன்பு முடியறத காலண்டரப் பாத்தா சொல்றீங்க?"

"இல்லக்கா. வானத்துல பொறையப் பாத்து."

"பொற தெரியலன்னா?"

"இன்னொரு நோன்பு வெப்போம்."

"அப்ப வெய்யி."

 மாமா பேச்சில் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. நான் கயிறுகளை அவிழ்த்தேன். காலையில் இறுக்கிக் கட்டியவன் நான்தான் என்பதால் அதற்கே அரை மணி நேரம் ஆனது.

கடைசிக் காய் ஆடிப் பதினெட்டுக்குத்தான் இறங்கியது. பொறுக்கியெடுத்த ஒரு கூடையை மாமாவே தூக்கிக்கொண்டு போய் மாதம்மாள் வீட்டு வாசலில் இறக்கினார்.

"இன்னிக்குத்தான்க்கா ஆனி முடிஞ்சுது" என்றார்.