பானட்டுக்குத் துணி எடுத்த கதை

துணிக்கடைக்காரன் படும் பாடு வேறு, ஹார்டுவேர் கடைக்காரன் படும் பாடு வேறு என்று நினைப்பவர்கள் தஞ்சாவூரில் கார்பன் ஃபைபர் துணி விற்றுப் பார்க்க வேண்டும். கார் பாகங்களைத் தாங்களே செய்துகொள்ளும் ஆசாமிகளுக்கான சரக்கு இது. அச்சில் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, இறுகவிட்டால் இரும்பைவிட லேசாக, கெட்டியாக நிற்கும். புது ரோல் யானை விலை. அதனால் பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் கடைசித் துண்டுகளை வாங்கி வந்து மலிவாகத் தருகிறேன். மலிவு என்பது நான் சொல்வது; வாங்க வந்தவர் யாரும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பார்டர் எங்கே?

வலங்கைமானில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் சரவணன், மனைவி தேவகியோடு வந்தார். நன்னிலத்து மிராசுதார் ஒருவர் தன் பழைய ஜீப்புக்குக் கார்பன் பானட் கேட்டிருக்கிறாராம். பிடித்துப்போனால் கதவு வேலையும் சரவணனுக்கே. பிடிக்காவிட்டால் கத்தார்தான். தேவகியின் அண்ணன் அங்கிருந்து விசா அனுப்பிவிட்டு, "எப்பக் கிளம்புற மாப்ள?" என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார். சரவணனுக்குப் போக இஷ்டமில்லை, தேவகிக்கு அனுப்ப இஷ்டமில்லை. ஆக, எல்லாப் பாரமும் அந்த பானட் தலையில்.

ரோலைப் பிரித்துக் காட்டினேன். தேவகி துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டதும் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டார். "ஏங்க, இந்த விலைக்குத் திருபுவனத்துல பட்டே எடுத்துடலாம். இதுல ஒரு பார்டர்கூட இல்லையே!"

பஸ்ஸில் ஏறாத குழாய்

ஒருவழியாகப் பேரம் படிந்தது. ஆனால் இந்தத் துணியை மடிக்கவே கூடாது. மடித்தால் இழை உடைந்து கோடு விழும். பிளாஸ்டிக் குழாயில் சுற்றிக் கொடுத்து, படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். கும்பகோணம் பஸ்ஸில் செம கூட்டம். குழாய் யார் முதுகிலோ இடிக்க, கண்டக்டர் சத்தம் போட, சரவணன் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டார். துணியை வேட்டி மாதிரி எட்டாக மடித்து, மஞ்சப்பையில் போட்டு, மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் போன். கோடு கோடாகத் தெரிகிறதாம். "அதை அடியில போட்டுக்குங்க, மேல தெரியற பக்கத்துக்கு வேற துண்டு தர்றேன்" என்றேன். மனுஷன் திருப்பிக் கேட்டார்: "வேற எதுக்குங்க? அயர்ன் பண்ணா சரியாயிடாது?"

ஐப்பசி ஈரம்

வேறு துண்டு அனுப்பினேன். பானட் அளவுக்குச் சரியாக இருந்தது, ஓரத்தில் வெட்டி எறிய ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. சோதனைக்கு ஒரு சின்னத் துண்டில் ரெசின் தடவிப் பார்த்தால், நாள்கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கிறது. சூடு காட்டினால்தான் இறுகும் என்றேன். தார்ப்பாயில் கூடாரம் போட்டு, உள்ளே பெரிய பல்புகளை எரியவிட ஏற்பாடு நடந்தது.

பட்டறைக்குப் பக்கத்து வயல்காரர் அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார். அறுத்த குறுவை நெல்லைக் காயவைக்க வழியில்லாத எரிச்சல் அவருக்கு. சோதனைத் துண்டைத் தொட்டுவிட்டு விரலைத் துடைத்தபடியே சொன்னாராம்: "என் நெல்லையே கொள்முதல்ல ஈரம்னு எடுக்க மாட்டேங்குறாங்க, உன் துணியை எவன்டா எடுப்பான்?"

மூலையில் ஒரு நிறம்

பல்பு கைகொடுத்தது, பானட் இறுகிவிட்டது. மிராசுதார் பார்க்க வரும் நாளில் நானும் போயிருந்தேன். என் சரக்கல்லவா, பயம் எனக்கும்தான். அச்சுக்குள் துணியின் நல்ல முகம் அடிப்பக்கம் இருக்கும். கழற்றித் திருப்பினால்தான் தெரியும். திருப்பினோம். பளபளவென்று கறுப்பு, ஒரு மூலையில் மட்டும் பூச்சுக்கு அடியில் விரல் அகலத்துக்கு மஞ்சள்! சரவணன் முகம் செத்துப்போனது. "யாரு வேலை இது?" என்றார். "நான்தாங்க. புதுத்துணி ஆச்சே, மூலையில மஞ்சள் வைக்காம எடுப்பாங்களா?" என்ற தேவகி, அவர் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். வெட்டி எறியவும் வழியில்லை. அதற்குள் மிராசுதார் வந்து இறங்கிவிட்டார்.

தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "கார்பன் டிசைன்ல ஸ்டிக்கர் ஒட்டி ஏற்கெனவே ஒருத்தன் என்னை ஏமாத்திட்டான், தெரியும்ல?" என்றார். நான் நெய்த இழை, அடுக்கு, பலம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கண் நேரே அந்த மூலைக்குப் போனது. மேல்துண்டால் அழுத்தித் தேய்த்தார், போகவில்லை. என்ன இது என்று கேட்க, தேவகி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மிராசுதார் பானட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்: "அப்போ இது துணிதான். ஸ்டிக்கருக்கு எவளும் மஞ்சள் வைக்க மாட்டா. கதவுத் துணிக்கும் மறக்காம வச்சுடும்மா."

இத்தனை வருஷமாகப் படம் வரைந்து பாகம் குறித்து நான் கொடுக்கும் விளக்கத்துக்கு, ஒரு சிட்டிகை மஞ்சளுக்கு இருக்கும் மரியாதை இன்னும் வந்து சேரவில்லை.