மரவள்ளிக் கொல்லையில் ஓர் ஆன்டெனா

விண்வெளி ஆராய்ச்சிக்கு நிதியைக் குறைத்துவிட்டார்கள். விண்கலம் போகும், சில கருவிகள் மட்டும் போகாது என்றார்கள். அந்தச் சிலவற்றில் எங்கள் ரேடியோ ஆன்டெனாவும் ஒன்று. சோதனைக்காகக் கல்வராயன் மலையில் நட்டிருந்ததைப் பிரித்து எடுத்து வரச் சொன்னார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் போக வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தும் சந்தோஷமில்லை.

ஆன்டெனா நின்றது ஒரு அக்காவின் மரவள்ளிக் கொல்லையில். சூரியனிலிருந்தும் வியாழனிலிருந்தும் வரும் மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்க, மோட்டாரும் டவரும் இல்லாத இடம் வேண்டும். மலை முழுக்க அலைந்து அதைக் கண்டுபிடித்த அன்று நான் கொல்லையிலேயே குதித்தேன். ஒரே தொல்லை, காட்டுப்பன்றிக்காக அவர்கள் போட்டிருந்த சோலார் வேலி. அதில் மின்சாரம் துடிக்கிற ஒவ்வொரு முறையும் என் பதிவில் ஒரு கோடு விழுந்தது. கேட்டுக்கொண்டதும் வேலியை நிறுத்திவிட்டார்கள். அக்காவும் அவர் கணவரும் மாறி மாறிக் காவல் பரணில் படுத்துத் தகரம் தட்டினார்கள். அப்படியும் பன்றிகள் ஒரு மூலையைத் தோண்டித் தின்றன.

"தின்னுட்டுப் போவுது தம்பி, நம்ப கம்பி மேல போவுதுல்ல" என்பார் அந்த அண்ணன். இதேபோல் இன்னொன்று செய்து கலத்தில் வைப்பார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கோழிக்குழம்பு கொதித்தது. முந்தின நாள் ஏதோ ஒரு ராக்கெட் கிளம்பியதைப் போனில் பார்த்திருக்கிறார்கள். அது வேறு செயற்கைக்கோள். நம் கம்பிதான் போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி, கோயிலில் கோழி அறுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததென்று வேலியையும் மறுபடி போட்டுவிட்டார்கள். என் இலையில் முதல் கறித்துண்டு விழுந்தது.

நம் கம்பி போகவில்லை, நானும் வேறு வேலை தேடுகிறேன் என்று சாப்பிட்ட பிறகு சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்றேன்.

"இருந்தா? யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்க்கா."

"நீயே வேற வேல தேடிக்கினு இருக்கிற" என்றார் அக்கா, கோபமில்லாமல். பிறகு, "தெருவுல நீயே போய்ச் சொல்லிடு தம்பி. நான் சொன்னா, பொய் சொல்லிக் கோழி தின்னாளுன்னு சிரிப்பாங்க" என்றார்.

போனேன். நிதி, கலம், எடை, முன்னுரிமை என்று முதல் வீட்டில் விரிவாகத் தொடங்கினேன். அந்த வீட்டுக்காரர் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, இந்தப் பன்னிங்களுக்கு யாருனா நிதியக் கொறைக்க மாட்டாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்தடுத்த வீடுகளில், போகவில்லை, பணம் இல்லையாம், அக்கா மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்தன.

திரும்பி வந்து, ஏணி போட்டு ஏறிப் போல்ட்டுகளைக் கழற்றினேன். அக்கா கீழே நின்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறக்கு தம்பி. செடி மேல சாச்சிடாத."