மெர்வினின் மேலுதடு

கணவரை அடக்கம் செய்துவிட்டு எல்வா வீடு திரும்பிய அன்று, ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பம்ப் பழுதாகி அது வறண்டு கிடந்ததை யாரிடமும் சொல்லும் நிலையில் அவள் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பக்கத்துப் பண்ணை மெர்வின் டக்கெட்டின் சட்டைக் கையில் மட்டும் கிரீஸ் இருந்தது. கேட்டதற்கு, "வேற சட்டை இல்ல" என்றார்.

குயின்ஸ்லாந்தின் அந்தப் பக்கத்தில் வெயில் யாரையும் விட்டுவைப்பதில்லை. ஞாயிறு ஆராதனையில் பாதிப் பேருக்குக் காதிலோ மூக்கிலோ, வெயிலில் கெட்ட தோலை வெட்டியெடுத்த இடத்தில், பிளாஸ்திரி இருக்கும். இல்லாதவரைப் பார்த்துத்தான், என்ன, டாக்டர் லீவா என்று கேட்பார்கள்.

மெர்வினின் உதட்டுக்கு மேலே முத்துப்போல மினுங்கும் ஒரு சிறு பரு வந்தது. சவரம் செய்தால் ரத்தம் கசியும், காயும், மறுபடி கசியும். அவர் தம் அப்பா செய்ததையே செய்தார். கோழிக்கூண்டோரம் முளைக்கும் ஒரு களையைக் கிள்ளி, அதன் பாலைத் தடவினார். எரிந்தது, பொருக்குத் தட்டியது, உதிர்ந்தது. தோல் மூடிக்கொண்டது. ஆராதனையில் எழுந்து நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். சபையும் ஆமென் சொன்னது. கர்த்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த கோடைக்குள் உதடு ஒரு பக்கம் தடித்துவிட்டது.

"மெர்வ், அத டாக்டர்கிட்ட காட்டு" என்றாள் எல்வா.

"அதான் ஆறிப்போச்சே."

"ஆறினது இப்படியா வீங்கும்? கண்ணாடியே பாக்குறதில்லையா நீ?"

"சவரம் பண்றப்ப பாப்பேன். அந்த எடத்த விட்டுட்டு."

டாக்டர் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தோலின் அடி அடுக்கில் பிறக்கிற புற்று என்று பதில் வந்தது. "இங்க அதிகமா வர்றது இதுதான். உயிர எடுக்குறது அபூர்வம். ஆனா இருக்குற எடத்தத் தின்னும். உங்க களை மேல மூடி போட்டுடுச்சு, அது அடியில தன் வேலையப் பாத்துட்டிருக்கு. வெட்டித்தான் எடுக்கணும்."

மெர்வின் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்புறம் விசில் அடிக்க வருமா?"

"புற்ற முழுசா எடுத்துடலாம். விசிலுக்கு நான் பொறுப்பில்ல."

வீட்டுக்கு வந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காரணம் எல்வாவுக்குத் தெரியும். அவருடைய நாய் பிப்புக்கு விசில்தான் பாஷை. நீள விசிலுக்கு மந்தையை வளைத்துக்கொண்டு வரும், குட்டை விசிலுக்குப் படுத்துக்கொள்ளும். மெர்வினின் முழங்கால் ஓடுகிற முழங்கால் அல்ல. விசில் போனால் நாய் உதவாது, நாய் உதவாவிட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான்.

"மூக்கு வரைக்கும் தின்ன அப்புறம் எதால விசில் அடிப்ப? காதாலயா?"

"காதுலயும் ஒண்ணு இருக்குன்னாரு."

"ஏறு வண்டியில."

டூவூம்பா நகரத்து ஆஸ்பத்திரி வரை எல்வாவே ஓட்டினாள். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிசாக ஒரு துண்டு எடுத்தார்கள். அதன் ஓரங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும்வரை கட்டோடு வெளியே உட்காரவைத்தார்கள். எல்வா கண்ணை மூடி ஜெபித்தாள். மூக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று திரும்பக் கூப்பிட்டார்கள்.

"கறிக்கடையில கூட இவ்வளவு பாத்து வெட்ட மாட்டாங்க" என்றார் மெர்வின், உதடு அசையாமல்.

இரண்டாம் துண்டின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. தையல் போட்டு அனுப்பினார்கள்.

காயம் ஆறியது. விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. பிப் திரும்பிப் பார்த்தது, யார் பெருமூச்சு விடுவது என்று. பிறகு வாய் ஓரத்திலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. ஆனால் நீள விசில் பாதியிலேயே அறுந்து குட்டையாகிவிடும். பிப் உடனே படுத்துக்கொள்ளும். ஆடுகள் நின்றன, மெர்வினும் நின்றார். எல்வா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், சிரிக்கவில்லை.

கடைசியில் அவர் ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்துவந்தார். டின்னைத் தட்டினால் மந்தையை வளைத்துக்கொண்டு வர வேண்டும் என்று பிப்புக்குப் பழக்கினார். நாய்க்குப் புரிய ஒரு குளிர்காலம் ஆனது. ஆடுகளை விற்கவில்லை.

பிறகு எல்வா நிலத்தை விற்றுவிட்டு, கடற்கரையில் இருக்கும் மகளிடம் புறப்பட்டாள். கேட்டைத் திறந்துவிட மெர்வின் வந்திருந்தார். இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான். கார் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் சொல்ல மாட்டாயா என்று கேட்டாள். அவர் வண்டிக்கு முன்னால் நின்ற பிப்பைப் பார்த்தார்.

"ஒரு விசில் அடிச்சு அனுப்பணும்னுதான் இருந்தேன், எல்வா. பாதியில அறுந்துச்சுன்னா இவன் அங்கேயே படுத்துருவான்."