நர்சம்மாவின் ஜீப்

"இன்னாடி, எவ்ளோ காட்டுது?"

"இருபத்தி நாலு."

"இன்னும் எறக்கு."

கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை முடிந்து ஆற்று மணல் தொடங்கும் இடத்தில், அம்மா குந்தி உட்கார்ந்து டயரின் வால்வைத் தீக்குச்சியால் அழுத்திப் பிடித்திருந்தாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. எழில்மதி நடுநடுவே மீட்டரை வைத்துப் பார்த்துச் சொன்னாள். மணலில் வண்டி புதையாமல் போக வேண்டுமென்றால் டயர் கொஞ்சம் தொப்பை போட வேண்டும். பதினெட்டு வந்ததும் போதும் என்றாள். அம்மா குந்திய வாக்கிலேயே அடுத்த டயருக்கு நகர்ந்தாள். நான்கும் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, "திரும்பி வரும்போது காத்தடிக்கிற வேல உன்னுது," என்றாள்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

எழில்மதிக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அழுத்தம் காட்டும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, சரியானவற்றுக்கு முத்திரை ஒட்டுவாள். அம்மா செந்தமிழ்ச்செல்வி கல்வராயன்மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த வீடு தியாகதுருகத்தில். மலையில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நர்சம்மா. செந்தமிழ்ச்செல்வி என்று சொன்னால் புதிதாக வந்த அதிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுப்பூசி ஐஸ் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வண்டியிலும் மரவள்ளிக் கிழங்கு லாரியிலும் மலை ஏறினாள். எழில்மதி பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா செத்துப் போனார். அதற்கு அடுத்த வருஷம் அம்மா ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுத்தவர் மூக்கன். மலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுபவர். அவருடைய மனைவி பெருமாயியின் மூன்று பிரசவத்தையும் பார்த்தது நர்சம்மாதான். மூக்கன் இரண்டே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வளைவு வந்தால் ஆரன் அடிக்க வேண்டும். நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் இறங்கக் கூடாது. "பிரேக்க நம்பாதீங்க நர்சம்மா. பொண்டாட்டிய கூட நம்பலாம்." வேங்கை மரத்தில் ஒரு கட்டையை முக்கோணமாகச் செதுக்கி, இழுத்து எடுக்கக் கயிறும் கோத்துக் கொடுத்தார்.

அன்று முதல் அம்மா கட்டை போடாமல் எங்கும் நிறுத்தியதில்லை. தியாகதுருகத்தில் அவர்கள் தெரு பலகை போட்டது போல் சமமாக இருக்கும். அங்கேயும் போடுவாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஐஸ் பெட்டி போயிற்று, மற்ற வேலைகள் போகவில்லை. நர்சம்மா கீழே போகிறாள் என்றால் மலையில் ஆளாளுக்கு ஒன்று கொடுத்தனுப்புவார்கள். கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடி, சார்ஜ் ஏறாத போன், பையனுக்கு வாங்க வேண்டிய சாதிச் சான்றிதழ். ஒவ்வொன்றின் மேலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, ஆள் பெயரை எழுதிவிடுவாள். வீட்டில் உப்பு ஜாடிக்கும் பிளாஸ்திரிதான்.

எழில்மதி ஓசூரிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் இறங்கிய அன்றும், அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லை. மிக்ஸி ரிப்பேர் கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி, கட்டை போட்டு, உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள்.

"இன்னாம்மா அது?"

"பெருமாயியோட ஜாரு. பிளேடு தேஞ்சி போச்சி. பத்து நாளா அம்மியில அரச்சிக்கினு இருக்காளாம். போன் பண்ணிப் போன் பண்ணி உயிர எடுக்குறா." பையைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினாள். "திட்டுலேர்ந்து வந்ததும் திங்கக்கெழம மலைக்குப் போயி குடுத்துட்டு வந்துடணும்."

திட்டு என்றால் மணலூர்பேட்டைக்கு அருகில் பெண்ணையாறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், நடுவே கிடக்கும் மணல் தீவு. மழைக்காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாசியில் இரண்டு பக்கமும் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். வண்டி இறங்கி ஏறலாம். கள்ளக்குறிச்சியில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வன் ஒரு கூட்டம் சேர்த்திருந்தார். அவரவர் வண்டி, அவரவரே ஓட்ட வேண்டும், அவரவர் கூடாரம். ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவது. அவருடைய மனைவி சுபஸ்ரீ அம்மாவுக்குக் கீழே வேலை பார்த்த நர்ஸ். அந்தப் பழக்கத்தில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் ஓட்டுகிற ஒரே பொம்பளை அவள்தான்.

அன்று ஐந்து வண்டிகள். கரையில் எல்லோரையும் நிறுத்தி அறிவுச்செல்வன் சொன்னார்: "மணல்ல நடுவுல நிறுத்தாதீங்க. ஓடுற வரைக்கும்தான் அது வண்டி. நின்னுட்டா கல்லு. எல்லாரும் எறங்கி, சாமானெல்லாம் எறக்கி வெச்சித்தான் தள்ளணும்."

"வரிசையா அஞ்சி வண்டி ஆத்துல எறங்குது," என்றாள் அம்மா. "மணல் திருட வந்த கும்பலுன்னு போலீசு வரப் போவுது. எல்லாரும் டிபன் கேரியர தூக்கிக் காட்டுங்க."

அம்மா ஓட்டினாள். மணலில் ஸ்டியரிங் மீன் மாதிரி நழுவியது. திட்டின் நாணல் ஓரத்தில் திரும்பும்போது பழக்கத்தில் ஆரன் அடித்தாள். எதிரே ஒரு கொக்குதான் இருந்தது.

நிறுத்தியதும் இறங்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டாள். தண்ணீர்ப் பக்கம் இலேசாகச் சரிகிறதாம்.

"அக்கா, இங்க மேடு ஏது, பள்ளம் ஏது," என்றார் அறிவுச்செல்வன். "வண்டி எங்க ஓடப் போவுது, கடலூருக்கா?"

"ஓடினா நீ போயி புடிச்சாந்து குடுப்பியா?"

"புடிச்சிடுவேன். உங்க வண்டி ஓடுற வேகத்துக்கு நடந்தே போயி புடிச்சிடுவேன்."

அம்மா சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் செய்தாள். சர்க்கரை இருக்கிறவர்கள் யார் யார் என்று கேட்டு, மாத்திரை போட்டீர்களா என்று ஒவ்வொருவராக அதட்டினாள். தன்னுடைய இருதய மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் அடைப்பு எடுத்திருந்தார்கள். கூடாரத்துக்குள் படுத்ததும், மணலில் முதுகுக்கு நல்லா இருக்குது என்றாள்.

விடிந்தபோது அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். தூங்கட்டும் என்று எழில்மதி வெளியே போய்த் தண்ணீரில் முகம் கழுவினாள். எப்போதும் அம்மாதான் முதலில் எழுந்து அடுப்பு பற்ற வைப்பாள் என்று சுபஸ்ரீ சொன்னாள். தானே டீ போட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அக்கா, அக்கா என்று கூடாரத்துக்குள் போனாள். உடனே வரவில்லை. வந்தபோது கையில் டம்ளர் இல்லை.

"எழிலு, உள்ள வா."

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாகிவிட்டது, கழுத்திலும் பார்த்தாகிவிட்டது என்றாள் சுபஸ்ரீ. எழில்மதியும் வைத்துப் பார்த்தாள். எதுவும் காட்டவில்லை. இரண்டாவது முறை வைத்தாள். ஒரு அளவை இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பது அவளுடைய வேலையில் விதி. டம்ளர் தலைமாட்டில் மணலில் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு எறும்பு சுற்றி வந்துகொண்டிருந்தது.

நூற்றெட்டுக்கு அறிவுச்செல்வன் பேசினார். அவர்களால் கரை வரைக்கும்தான் வர முடியும். மணலில் இறங்காது.

ஜீப்பின் பின்பக்கம் பாய் விரித்து, நான்கு பேராகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். சுபஸ்ரீ தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாவியக் குடும்மா, நான் ஓட்டறேன்," என்றார் அறிவுச்செல்வன்.

"நான் ஓட்டறேன் மாமா."

"மணல்ல ஓட்டியிருக்கியா?"

"இல்ல. ரோட்டுலதான்."

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "நடுவுல நின்னுட்டா அம்மாவ எறக்கித்தாம்மா தள்ளணும்."

அவளுக்கு அது தெரியும். கரையில் அவர் சொன்னபோது அவளும் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இறக்கி மணலில் வைக்க வேண்டும். அம்மாவை அப்படி வைக்கக் கூடாது. வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. அம்மா இதுவரை யார் கையிலும் சாவி கொடுத்ததில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. அம்மா குட்டை. அதைச் சரி செய்யாமல் முழங்கால் இடிக்க அப்படியே ஸ்டார்ட் செய்தாள்.

ஜீப் நகரவில்லை. கால் கொடுத்தாள். பின்சக்கரம் சுற்றி மணலை வாரி இறைத்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. உள்ளே எங்கோ கிணுங் என்று ஒரு சத்தம்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு," என்று அறிவுச்செல்வன் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு, "கட்டைய எடுக்கலயேம்மா," என்றார்.

முன்சக்கரத்துக்கு முன்னால், அம்மா போட்ட இடத்திலேயே கட்டை இருந்தது. சக்கரம் அதில் முட்டி ஏறி, பாதிக்கு மேல் மணலுக்குள் அழுத்தியிருந்தது. கயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

மற்ற வண்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் மெதுவாக, "அம்மாவ கொஞ்சம் எறக்கிட்டா..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்," என்றாள் எழில்மதி.

கீழே இறங்கி மண்டி போட்டு, கையால் பறித்தாள். மணல் பறிக்கப் பறிக்கச் சரிந்தது. அறிவுச்செல்வன் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் பறித்தார். கயிற்றைப் பிடித்து இழுத்ததும் கட்டை வந்தது. பின்சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலைச் சரிவாக வாரி, கூடாரத் துணியை மடித்து அடியில் திணித்தார்கள்.

"ரெண்டாவதுல எடு. கிளச்ச பொறுமையா உடு. நகந்துடுச்சின்னா கரைக்குப் போற வரைக்கும் கால எடுக்காத. பின்னால நாங்க என்ன ஆனாலும் திரும்பாத," என்றார் அறிவுச்செல்வன்.

நகர்ந்தது. சுபஸ்ரீ பின்னால் இருந்து, போ, போ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் நழுவியது. நழுவட்டும் என்று விட்டாள். நாணல் ஓரம் வந்தது. வளைவு. எழில்மதி ஆரன் அடித்தாள். தண்ணீரில் இறங்கி ஏறினாள். குலுங்கும்போதெல்லாம் அந்தக் கிணுங் சத்தம் பின்னால் உருண்டு உருண்டு வந்தது. எந்த போல்ட் கழன்றது என்று யோசித்தாள். கரும்பு தெரிந்தது. மண் பாதையில் சக்கரம் இறுக்கமாகப் பிடித்ததும்தான் காலை எடுத்தாள்.

கூடாரத் துணியையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் நான்கு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. யாரும் ஆரன் அடிக்கவில்லை.

நூற்றெட்டில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்கள். அதே ஜீப்பில் தியாகதுருகம் வந்து சேர்ந்தார்கள். டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வழி முழுக்க ஜீப் ஆடி ஆடி வந்தது.

மத்தியானத்துக்குள் மலையிலிருந்து மூக்கனின் ஜீப் வந்தது. உள்ளேயும் பின்னால் தொங்கியும் ஆட்கள். பெருமாயி தலைமாட்டில் உட்கார்ந்து, "எம் புள்ளைங்களுக்குக் கொடி அறுத்த கையி," என்று அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுக்கும் வரைக்கும் விடவில்லை. மூக்கன் உள்ளே வரவில்லை. வாசலில் அம்மாவின் ஜீப்பைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டினார்.

"காத்து கம்மியா இருக்குது பாப்பா."

"ஆமா."

"கட்டை எங்க?"

எழில்மதி யோசித்தாள். கையில் கயிற்றோடு பிடித்தது ஞாபகம் இருந்தது. அப்புறம் எங்கே போட்டாள் என்று ஞாபகம் இல்லை. "மணல்லயே உட்டுட்டோம்."

மூக்கன் எதிர்வீட்டு மதில் ஓரம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து வந்து சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கருமாதிக்கும் இருவரும் வந்தார்கள். பெருமாயி ஒரு மூட்டை சாமை கொண்டு வந்து சமையலுக்குக் கொடுத்தாள். போகும்போது எழில்மதியின் தாடையைத் தொட்டு, "மலைக்கு வா கண்ணு," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். எழில்மதி ஓசூருக்குத் திரும்ப வேண்டும். ஜீப்பைக் காலி செய்யலாம் என்று பின்கதவைத் திறந்தாள். ஈரம் காயாமல் நாறிப்போன கூடாரத் துணி. பாய். அடுப்பு. மணல் எல்லா இடுக்கிலும் இருந்தது. பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது மஞ்சப்பை வந்தது. உள்ளே கிணுங் என்றது.

எவர்சில்வர் ஜார். மூடியில் வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் அம்மாவின் கையெழுத்தில் பெருமாயி. அடியில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தாள். புது பிளேடு தடையில்லாமல் சுற்றியது. பெருமாயி இரண்டு முறை இந்த வாசலுக்கு வந்து, இந்த ஜீப்பைக் கடந்து உள்ளே போய், இதைக் கடந்தே திரும்பிப் போயிருக்கிறாள்.

மீட்டரை எடுத்து டயரில் வைத்தாள். பதினேழு. அடுத்ததிலும் பதினேழு. பின்னால் ஒன்று பதினைந்துக்கு வந்திருந்தது. இந்தக் காற்றில் மலை ஏற முடியாது. காற்றடிக்கும் பம்பு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கி வைத்தாள்.

ஜாரைப் பையோடு முன்சீட்டில் வைத்தாள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டியது.