குடித்துவிட்டு வந்தார் என்று நினைத்து அடித்தேன்

என் கணவர் மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். வலிப்புக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். குடியை விட்டு ஆறு வருடமாகிறது. அண்மையில் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு மாத்திரையைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள் மாலை தள்ளாடிக்கொண்டே வந்தார். நாக்குக் குழறியது.

"மறுபடியும் குடிச்சிட்டீங்களா?" என்று கத்தி, கையிலிருந்த அகப்பையால் முகத்தில் அடித்தேன்.

"சத்தியமா குடிக்கல லா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் தம்பி அவர் நெஞ்சில் உதைத்தான். வாசற்படியில் விழுந்து மண்டை உடைந்தது. இரத்தத்தைத் துடைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன், அவரிடம் சாராய வாடையே இல்லை.

புது மாத்திரை, வலிப்பு மருந்தைக் கழியவிடாமல் உடம்பில் சேர்த்து விஷமாக்கிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தலையில் ஒன்பது தையல். அந்தப் புது மாத்திரையை மாற்றியதும் சில நாளில் தெளிந்தார்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டி, "நீங்க குடுக்கிறது இதுங்களோட ஒத்துக்குமா?" என்று கேட்டுவிடுகிறேன். அவர் எங்களை மன்னித்துவிட்டார். தம்பிதான் இன்னும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.