மூக்கு லாரியும் ஒரு ‘வே’யும்

எங்கள் அத்தானுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘சொல்றேன்’. எதைக் கேட்டாலும் “சொல்றேன்” என்பார், அதோடு சரி. அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று என் அப்பா கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா வேறு இடம் தேடத் தொடங்கினார். பதினோராம் நாள் அத்தானுடைய அம்மா வந்து, “அவன் அன்னைக்கே சரின்னுட்டானே, உங்ககிட்ட சொல்லலையா?” என்று கேட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் அத்தான் வாயைத் திறக்காமலே கெடுகிற ரகம்.

லாரி ஓட்டிப் பிழைத்தவர். கல்யாணமாகி முதல் பதினோரு வருடம் அவர்களுக்குத் தனியாக வீடு என்று ஒன்று கிடையாது. மூக்கு நீண்ட ஒரு பழைய லாரிதான் வீடு, வாசல் எல்லாம். அவர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அக்கா காய் நறுக்குவாள், பொத்தான் தைப்பாள், சண்டை போடுவாள். சண்டைக்கும் அவர் பதில் “சொல்றேன்”தான். பிறகு ஒரு வீடு கட்டினார்கள். அவர் வேறு வண்டி ஓட்டப் போனார், மூக்கு லாரி பின்பக்கக் கொட்டகையில் போய் நின்றது. ஒன்பது வருடம் அசையவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே அத்தான் அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நான் சீட் கவர் தைக்கிறவன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கக் கொட்டகைக்குப் போவேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓடாவிட்டாலும் அது லாரியாக நின்றது. பிரித்துப் போட்டால் அதற்கு என்ன பெயர்?

“ஓட்டப் போறீங்களா அத்தான், இல்ல விக்கப் போறீங்களா?”

“சொல்றேன்.”

பின்பக்கத்து மரத் தொட்டியை அடிச்சட்டமான சேஸோடு பிடித்திருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டோம். அப்படியும் மசியாதவற்றை அறுத்தோம். முன்பக்கக் கேபினைச் செயின் பிளாக் கப்பியில் மாட்டி, சாண் சாணாகத் தூக்கினோம். அது மேலே தொங்க, கீழே இரண்டு நீள இரும்புச் சட்டமும் நாலைந்து குறுக்குச் சட்டமும்தான் மிச்சம். அத்தனை வருடம் அத்தனை பாரத்தையும் சுமந்த சேஸ் அவ்வளவுதான். அத்தான் சின்னச் சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ‘டங்’ என்றது, துரு தின்ற இடம் ‘டொப்’ என்றது. பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தார். ஒரு பக்கம் அரை அங்குலம் கூட வந்தது.

“கோணலா இருக்கா?”

“ம்.”

“சரியாகுமா?”

“சொல்றேன்.”

கழற்றிய சாமான்களைச் சுவரோரம் அடுக்கி, சாக்பீஸால் ‘வே’ என்று எழுதினார். பேச்சில்தான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன், எழுத்திலும் அப்படித்தான். வே என்றால் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். ரேடியேட்டரில் வே, கதவில் வே, சரி. திரும்பினால், தொட்டால் உதிர்கிற கேபின் அடிப்பலகையிலும் வே. அதை எந்தப் பைத்தியக்காரன் வைத்துக்கொள்வான்? அப்படியானால் வே என்றால் வேண்டாம். ஆனால் ரேடியேட்டர் வேண்டாம் என்றால் வண்டியில் தண்ணீரை எதில் ஊற்றுவது? வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தில் தொடக்கம் வைத்த புண்ணியவானை மனதுக்குள் திட்டினேன். போதாததற்கு, எதுவுமே எழுதாத சாமான்கள் தனியாகக் கிடந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன்.

அப்போதுதான் அக்கா டீ கொண்டுவந்தாள். டிரைவர் சீட்டையும் பக்கத்து சீட்டையும் கீழே இறக்கி வைத்திருந்தோம். டிரைவர் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. அவள் சீட்டில் பெரிதாக ஒரு வே.

“ஏங்க, உங்க சீட்ல ஒண்ணும் எழுதல, இதுல மட்டும் என்ன வே?”

அத்தான் சேஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “சொல்றேன்” என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. டீ ஆறும் வரை அக்கா நின்றாள். அடுத்த இரண்டு நாளும் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

“வேண்டாம்னுதாண்டா எழுதியிருக்காரு. தனியா ஓட்டிட்டுப் போகப் போறாரு. பதினோரு வருஷம் நான் உக்காந்த இடம் அது. அத அவரு கையால தூக்கிப் போடுறத என்னால பாக்க முடியாது. நீயே கொண்டு போய்ப் போட்டுடு.”

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று புத்தியுள்ளவன் சொல்லியிருப்பான். எனக்கு அக்கா கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். மறுநாள் அத்தான் வெல்டிங் கம்பி வாங்கப் போன நேரத்தில் சீட்டைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அத்தான் திரும்பி வந்தார். சுவரோரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சீட் எங்க?”

அவர் ஒரு கேள்வி கேட்டு அன்றுதான் கேட்டேன். கொட்டகை வாசலில் நின்ற அக்காதான் பேசினாள். “வேண்டாம்னு நீங்களே எழுதிட்டு எங்கன்னு கேட்டா?”

“வேண்டாமா? வேலை.”

“என்ன வேலை?”

“வேலை இருக்கு. வே.”

சுவரோரச் சாமான்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேடியேட்டர் ஒழுகுகிறது, வேலை. கதவு நசுங்கியிருக்கிறது, வேலை. உளுத்த அடிப்பலகை? அதை வைத்துத்தானே புதுப் பலகைக்கு அளவெடுக்க வேண்டும், அதுவும் வேலை. டிரைவர் சீட் நன்றாக இருக்கிறது, அதனால் ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் விளங்கியது, ஒன்றைத் தவிர. பக்கத்து சீட்டுக்கு உறை தைத்தவன் நான். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அதில் என்ன வேலை?

மூன்று பேரும் ஓடினோம். பழைய இரும்புக் கடையில் உறை, பஞ்சு எல்லாவற்றையும் கிழித்தெறிந்துவிட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். சாக்பீஸும் இல்லை, என் தையலும் இல்லை. ஏழு சீட்டின் வெறும் இரும்புக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. உருக்காலைக்குப் போகிற வண்டி வாசலில் இரைந்துகொண்டு நின்றது.

“எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, வண்டி நிக்காது” என்றார் கடைக்காரர்.

எனக்கு ஏழும் ஒன்றாகத் தெரிந்தன. செய்த பாவத்துக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. அக்கா முதல் கூட்டின் மேல் உட்கார்ந்தாள். ஆள் குள்ளம், கால் அந்தரத்தில் தொங்கியது. எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தாள், அதிலும் தொங்கியது. மூன்றாவதிலும் நாலாவதிலும் அப்படியே. ஐந்தாவதில் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

“இதுதான்” என்றாள். பிறகு அவளுக்கே குழப்பம். “மத்ததெல்லாம் ஏன் இவ்வளவு உசரமா இருக்கு?”

அத்தான் கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாலு காலையும் இரண்டு அங்குலம் அறுத்துத் திரும்ப ஒட்டியிருந்த பழைய வெல்டிங். எத்தனையோ சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தவன் நான், இதை ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

“இது எப்ப செஞ்சீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“கல்யாணமான வாரம். உனக்குக் கால் எட்டல.”

“இப்ப இதுல என்ன வேலை?”

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இப்ப உனக்கு முட்டி வலி. தாழ்வா இருந்தா எந்திரிக்கச் சிரமப்படுவே. ரெண்டு அங்குலம் ஏத்தணும். கால் வைக்கக் கீழ ஒரு பலகை போடணும். நீ ஏறலன்னா நான் எதுக்கு சேஸப் பிரிக்கிறேன்?”

என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். எங்கள் அத்தானின் மொட்டைத் தலை மூன்று வாரமாக அக்காவின் முழங்காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா சீட்டை நிமிர்த்தி, மறுபடியும் அதில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற வண்டி கிளம்பிப் போயிற்று.

“இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

அத்தான் நிஜமாகவே ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

“சொல்றேன்னு சொன்னேனே.”